நுளம்பு வலையில் ஒரு கூடு

எங்கடின், சுவிஸ்

அன்புள்ள கஜலக்சுமிக்கு,

நான் சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா?

ஹோட்டல் குசினியில் என்னோடு சமையலுக்கு நின்ற கோபிசன், சூரிச்சுக்கு வேலை மாறிப் போகையில் தன் பச்சோந்தியை என்னிடம் விட்டுவிட்டான். “கண்ணாடிப் பெட்டி சரிவராது அண்ணை, காத்துப் படவேணும்” என்றான். பழைய அலுமாரியைக் கழற்றிச் சட்டமாக்கி, நீர் தந்துவிட்ட நுளம்பு வலையை வெட்டி அடித்துக் கூடு செய்தேன். இந்தக் குளிரில் கடிக்க ஒரு நுளம்பும் இல்லை என்பதை உமக்கு இவ்வளவு நாளும் சொல்லவில்லை. சுத்தியல் பட்டு ஒரு நகம் கறுத்தது, வேறொன்றுமில்லை.

வேலையால் வந்து, களைப்போடு பச்சோந்தியின் முன்னால் இருந்துதான் சாப்பிடுகிறேன். ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் யன்னலையும் பார்க்கிறது.

வெட்டும்போது வலையில் எங்கள் வீட்டு வாசம் வந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. மிளகாய்த்தூள் அனுப்பும்போது உமது பழைய சேலைத் துண்டொன்றில் சுற்றி அனுப்பும். தோய்க்க வேண்டாம்.

சண்முகலிங்கம்