அவர் விட்டுக்கொடுப்பார்

செப்டம்பர் 12, வியாழன்

காலையிலிருந்து டயர் எண்ணியே பொழுது போனது. இருபத்துநான்கு இருக்க வேண்டும், எனக்கு இருபத்துமூன்றுதான் வந்தது. நாலாவது தடவை எண்ணும்போதுதான் பார்த்தேன், மெக்கானிக் ஒன்றின்மேல் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கத்தினேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றார்.

ஞாயிறு இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம். எங்கள் அணிக்கு இரண்டு கார். சிவப்பில் என் கணவர், நீலத்தில் என் தம்பி. பந்தயத் தடத்தின் சுவரோரம் உட்கார்ந்து ரேடியோவில் இருவர் காதிலும் பேசுகிறவள் நான். வீட்டிலும் அக்காவுக்கு அதே வேலைதான் என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அவனைப் பார்க்கப் பெரிய அணி ஒன்றிலிருந்து ஆள் வருகிறாராம். ஜெயித்தால் அடுத்த ஆண்டு அவனுக்கு அங்கே இடம். அவனுக்கு இருபத்தேழு ஆகிறது. இதற்குமேல் யாரும் தேடி வந்து பார்க்க மாட்டார்கள்.

செப்டம்பர் 13, வெள்ளி

பயிற்சி ஓட்டம். யாரும் எதிர்பார்க்கவில்லை, என் கணவர் தம்பியைவிட அரை நொடி வேகம். "இவருக்கு என்னாச்சு?" என்று மெக்கானிக் என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்.

விடுதி அறையில் என் கணவர் ஷூவைக் கழற்றியபடி, "இந்த ஞாயித்துக்கிழமை…" என்று ஆரம்பித்தார்.

"முன் டயர்ல காத்து கம்மியா இருக்கு, அதானே? சொல்லிட்டேன்" என்றேன்.

"அதில்ல" என்றார். அதற்குள் அணி முதலாளி போனில் கூப்பிட்டார். அப்புறம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, சனி

தகுதிச் சுற்றில் அவர் முதலிடம், தம்பி இரண்டாமிடம். நாளை அந்த வரிசையில்தான் புறப்படுவார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "முட்டிக்காம வாங்கப்பா. ரெண்டு பேர்ல யாரு மொதல்ல வந்தாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றார்.

எனக்கு அப்படி இல்லை. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். தம்பி ஜெயிக்க வேண்டும். என் கணவருக்கு நாற்பத்தொன்று. வார நாட்களில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மற்றவர்களுக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார், வார இறுதியில் பந்தயம். பதினாறு வருடத்தில் ஒரே ஒரு முறை ஜெயித்திருக்கிறார், அதுவும் முன்னால் போன நாலு பேர் மழையில் வழுக்கித் தடத்தைவிட்டு வெளியே போனதால். அதற்காக அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை.

முதலாளி அடுத்த ஆண்டு ஒரே காரோடு, அதுவும் வயது குறைந்த ஓட்டுநரோடு நிறுத்திக்கொள்ளப் போகிறாராம். மெக்கானிக் சொன்னார். அப்படியென்றால் நாளை என் கணவருக்கு இங்கே கடைசி. அவருக்குத் தெரியுமா? தெரிந்தால் என்னிடம் சொல்லியிருப்பாரே.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தம்பிக்கு விலாவில் அடி, எலும்பு தப்பியது. எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

பதினெட்டுச் சுற்று. ஆரம்பத்திலிருந்தே அவர் முன்னால், தம்பி அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு பின்னால். மூன்றாவது ஆள் நாலு நொடி தள்ளி. என் முன்னால் இருப்பது சின்னப் பெட்டி, அதில் இரண்டு ஸ்விட்ச். எதை மேலே தள்ளுகிறேனோ அந்தக் காருக்கு நான் பேசுவது கேட்கும். அவர்கள் பேசுவது எனக்கு மட்டும்தான் கேட்கும். பதினாறாவது சுற்றில், ஏழாம் வளைவில் எண்ணெய் சிந்திக் கிடக்கிறது என்று தகவல் வந்தது. இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். இருவரும் பார்த்துப் போனார்கள்.

கடைசிச் சுற்று. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஒரு நீளமான நேர்பாதை. தம்பி கத்தினான், "அக்கா, உள்பக்கம் போலாமா?"

"போடா. அவர் விட்டுக்குடுப்பார்" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா? யோசிக்க என்ன இருக்கிறது? பதின்மூன்று வருடமாகக் கூட வாழ்கிறேன். ஜன்னலோர இருக்கை, கடைசித் துண்டு கேக், டிவி ரிமோட், எதற்கும் மல்லுக்கு நின்ற மனுஷன் இல்லை. பத்து தடவை கேட்டிருந்தாலும் பத்து தடவையும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

விடவில்லை. சிவப்பு கார் வளைவுக்குள் திரும்பியது. அங்கே நீலம் ஏற்கெனவே பாதி நுழைந்திருந்தது. நீலத்தின் முன்சக்கரம் சிவப்பின் பின்சக்கரத்தில் ஏறியது. நீலம் ஒரு முறை புரண்டு ஜல்லியில் தலைகீழாக விழுந்தது. சிவப்பு சுழன்றுகொண்டே போய் டயர் அடுக்கில் மோதியது. நாலு நொடி தள்ளி வந்தவன் நடுவில் புகுந்து போய் ஜெயித்தான். பாவம், அவனுக்கே ஒன்றும் புரிந்திருக்காது.

ரேடியோவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வாழ்நாளில் முதல் தடவை.

செப்டம்பர் 16, திங்கள்

நடுவர்கள் விசாரித்தார்கள். சின்ன அறை, பெரிய மேசை, மூன்று பேர். எங்கள் மட்டத்துப் பந்தயத்தில் ரேடியோ பேச்சைப் பதிவு செய்வதில்லை. ஓட்டியவர்கள் சொல்வதுதான் கணக்கு.

என் கணவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணாடியில கவனிக்கல" என்றார்.

தம்பி, "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பின்னால் வந்தவன்மேல்தான் முழுப் பழியும். தம்பிக்கு மூன்று பந்தயம் தடை. பெரிய அணியிலிருந்து வந்தவர் கைகூடக் கொடுக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அம்மா போன் செய்தாள். "தப்பு யார் மேல? உன் புருஷனா, என் புள்ளையா?"

"விசாரிக்கிறாங்கம்மா" என்றேன். தீர்ப்பு வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

தம்பி போனை எடுக்கவில்லை. ஆறு தடவை.

செப்டம்பர் 19, வியாழன்

அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். முகம் ஒரு சாண் தூரத்தில். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. "பொத்தான் மாறிப் போச்சு, மேல ஒண்ணு மிச்சம்" என்றார். எல்லாப் பொத்தானையும் கழற்றி மறுபடி போட்டேன். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

சொன்னால் என்ன ஆகும்? பழி கொஞ்சம் என் பக்கம் வரும். வரட்டுமே. அதுவா பயம்? அதில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் பந்தயத்தை எடுத்து என் தம்பிக்குக் கொடுத்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தம்பி வந்தான், அவர் வெளியே போன நேரமாகப் பார்த்து. விலாவில் பட்டை கட்டியிருக்கிறான், சிரித்தால் வலிக்கிறதாம். சிரிக்கும்படியாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

"நீ சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லலக்கா. மாமாவுக்கும் தெரிய வேணாம். வீட்டுக்குள்ள எதுக்கு வம்பு."

"உன் இடம் போச்சேடா."

"இன்னும் முழுசா போகல. அஞ்சாம் தேதி வரைக்கும் மேல்முறையீடு பண்ணலாம். ஆனா என்னன்னு பண்றது? தப்பு என் மேலதான்னு நானே சொல்லிட்டேனே." கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைச் சுரண்டினான். "இத்தன வருஷமா மாமா பின்னாடி ஓட்டறேன். ஒரு தடவகூட அவரு இப்படி அடைச்சதில்ல. அன்னிக்கு மட்டும் ஏன்கா?"

நானும் ஏழு நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

இடது கையால் பிரெட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிரெட் தட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கித் தடவித் தரப் போனவள், அப்படியே நின்று, "தம்பி தானா உள்ள வரல. நான்தான் போகச் சொன்னேன்" என்றேன்.

பிரெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."

"அவன் சொன்னானா?"

"நீதான் சொன்ன. எனக்கும் கேட்டுச்சு."

முதலில் விளங்கவில்லை. பிறகு பொறி தட்டியது. எண்ணெய். இருவருக்கும் சேர்த்துச் சொல்ல இரண்டு ஸ்விட்சையும் மேலே தள்ளினேன். திரும்பக் கீழே இறக்கவே இல்லை. தம்பிக்குச் சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார், அதே நொடியில், என் குரலில்.

"அப்ப அவன் வர்றது தெரிஞ்சும்…"

"கண்ணாடியில நல்லாவே பாத்தேன்." கத்தியைக் கீழே வைத்தார். "அந்த நேர்பாதையில போறப்பவே நெனச்சேன், மாப்ளைய விட்டுடலாம்னு. அவனுக்குத்தான் தேவை. நான் ஜெயிச்சு என்ன பண்ணப் போறேன்? காலை எடுக்கப் போனேன். அப்பதான் நீ சொன்ன. நீ சொன்னப்புறம் என்னால விட முடியல."

பிரெட்டை வெண்ணெய் இல்லாமலே சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

பத்து நாள்! பத்து நாளா தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வாயே திறக்கலையே இந்த மனுஷன்! நான் சோறு இறங்காம அலையறத பாத்துக்கிட்டு, என் கையாலயே பொத்தான் போட்டுக்கிட்டு… என் தம்பி தலைகீழா தொங்கினானே, அவன் தலையில பழி விழுந்தப்பவும் "கவனிக்கல"ன்னு கல்லு மாதிரி உக்காந்திருந்தாரே!

நான் மட்டும் என்ன யோக்கியம். நானும் அதே அறையில்தான் நின்றேன்.

செப்டம்பர் 28, சனி

சண்டை. பதின்மூன்று வருடத்தில் இதுதான் முதல் சண்டை என்று சொல்ல வேண்டும். இதுவரை நடந்ததெல்லாம் நான் பேச அவர் கேட்டது.

"பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம ஏதோ சொல்ல வந்தீங்களே, அது என்ன?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு தடவ ஜெயிச்சுட்டு நிறுத்திக்கலாம்னு இருக்கேன்னு சொல்ல வந்தேன். நீ டயர்ல காத்துன்ன."

"திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே!"

"நீ எப்ப கேப்ப?" குரலை உயர்த்தியே கேட்டார். "ஹோட்டல்ல எனக்கு என்ன வேணும்னு நீ சொல்ற. டாக்டர்ட்ட எனக்கு எங்க வலிக்குதுன்னு நீ சொல்ற. அன்னிக்கு நான் விடுவேனா மாட்டேனான்னும் நீயே சொல்லிட்ட."

நான் அழுதேன். அவர் சமாதானப்படுத்த வரவில்லை. அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அவ்வளவு கோபத்திலும் ஒன்று தோன்றியது: அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

நடுவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். "பாத்தேன். எடம் விட்டிருக்கலாம். வேணும்னே திருப்பினேன். அவ்வளவுதான எழுதணும்" என்றார்.

"குடுங்க, நான் எழுதறேன்" என்று பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"நான் எழுதிக்கிறேன்."

இடது கை. நாலு வரிக்கு ஒரு மணி நேரம். அதற்குள் வாசல் கதவின் தாழ்ப்பாளை மூன்று தடவை துடைத்தேன். நான் சொன்னதையும் தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதே உறையில் வைத்தேன். அவர் படித்துப் பார்க்கவில்லை. நானும் அவருடையதைப் படிக்கவில்லை. படிக்காமல் ஒட்டுவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 9, புதன்

தம்பிக்குத் தடை நீங்கியது. அந்த மூன்று பந்தயத் தடை இப்போது இவருக்கு. ரேடியோவில் பேசியதற்காக எனக்கு எச்சரிக்கை. முதலாளி இவரை அனுப்பிவிட்டார், என்னையும் ரேடியோ பக்கம் வர வேண்டாம் என்றார். எல்லாம் நியாயம்தான்.

பெரிய அணி காத்திருக்கவில்லை. போன வாரமே வேறு ஒருவனை எடுத்துக்கொண்டதாம். தம்பி பழைய நீலக் காரிலேயே தொடர வேண்டியதுதான்.

போனில் குரல் தட்டையாக இருந்தது. "நீ சொன்னத நான் மறந்துடுவேன்கா. மாமா பாத்துக்கிட்டே திருப்பினாருங்கறதுதான்… கொஞ்ச நாள் என்னை விட்டுடுங்க ரெண்டு பேரும்."

நவம்பர் 24, ஞாயிறு

கட்டு எடுத்து மாதமாகிறது. பயிற்சிப் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார். தம்பி வரவில்லை. போனும் இல்லை. அம்மா இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறாள், என்னிடம் யாரைப் பற்றியும் பேசுவதில்லை.

ஜனவரி 16, வியாழன்

ஒரு பல் மருத்துவர் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் அணி. பழைய மஞ்சள் கார், வரிசையில் கடைசிக்கு முந்தின இடம் உத்தரவாதம். ஓட்டுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார். நிறுத்தப் போகிறேன் என்றாரே? கேட்டேன். "ஜெயிச்சுட்டு நிறுத்தறேன்னுதான் சொன்னேன்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அதே தடம். தடைக்கான மூன்று பந்தயமும் முடிந்து அவர் ஓட்டும் முதல் பந்தயம். முதல் தடவையாகப் பார்வையாளர் வரிசையில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். அவர் காதில் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், தெரியாது. கையை வைக்க இடம் தெரியாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறிப் போனார்.

மஞ்சள் கார் பதினொன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தது. புறப்படும்போதே தடுமாறிக் கடைசிக்குப் போன தம்பி, ஒவ்வொருவராகத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தான். பதினான்காவது சுற்றில் அவர் பின்னால் வந்துவிட்டான். நேர்பாதை. கொண்டை ஊசி வளைவு. நீலம் உள்பக்கம் திரும்பியது.

மறுபடி பார்க்கும்போது இரண்டு காரும் வளைவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. நீலம் முன்னால், மஞ்சள் பின்னால்.

முடிந்ததும் கீழே இறங்கிப் போனேன். அவர் காரின் சக்கரத்தில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். தம்பி ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தான். நாலு மாதத்துக்குமேல் ஆகிறது இருவரும் முகம் பார்த்து.

"விட்டேன் மாப்ள" என்றார் என் கணவர். "யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு."

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "விட்டீங்களா? நீங்களா? நான் தாண்டினேன் மாமா!"

"ஒரு கார் போற அளவுக்கு எடம் விட்டேனேப்பா."

"அதுக்குப் பேரு எடமா? எனக்கு ரெண்டு சக்கரம் புல்லுல போச்சு!"

"நீ புல்லுல போனா அதுக்கு நானா பொறுப்பு?"

பல் மருத்துவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் ஏறியது. பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"அக்கா, நீ மேலேருந்து பாத்தீல்ல? நீ சொல்லு. இவரு விட்டாரா, நான் தாண்டினேனா?"

"நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றேன்.

நிஜமாகவே மூடிக்கொண்டுதான் இருந்தேன். இருவருமாகச் சேர்ந்துகொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள்.