தேயிலைப் பெட்டிக்குள் வெங்கிணாந்தி

03.02.2003, திங்கள்
கடும் பனி. எட்டு மணிவரை கிணற்றடியே தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் முதலாளியை அளந்தேன். தலையிலிருந்து வால் நுனிவரை நூல் பிடித்து, நூலை அடிமட்டத்தில் வைத்து: 4 அடி 5 அங்குலம். ஆவணியில் 2 அடி 3. எட்டாம் வகுப்பில் ஒருவரும் இவ்வளவு முன்னேறவில்லை.

சாப்பாடு: வயல் எலி 2. ஒன்று உடனே. மற்றது யோசித்து யோசித்து.

தின்பதும் படுப்பதும் தவிர வேறு வேலை இல்லாததால் முதலாளி என்று பெயர். வெங்கிணாந்திக் குட்டி, பெரிய மலைப்பாம்பாக வரவேண்டியது. பின்னறையில், தேயிலைப் பெட்டிக்குள். கணக்கு வாத்தியார் பாம்பு வளர்க்கிறார் என்று தெரிந்தால் ஸ்கந்தபுரத்தில் எந்தத் தாய் பிள்ளையை ரியூசனுக்கு விடுவாள்? தெரிந்தவன் செல்லையா (இனி செ.) மட்டும். வரம்பு வெட்டும்போது பிடித்துத் தந்தவனும், எலி கொண்டுவருபவனும், பெட்டி கழுவுபவனும் அவன்தான். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். என் வயலிலும் பக்கத்து வீட்டுக் கனகம்மா அக்கா (இனி க. அக்கா) வயலிலும் கூலி வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இருந்தும் 'அவன்' என்றுதான் எழுத வருகிறது.

06.02, வியாழன்
தோல் கழற்றிவிட்டது. புதுத்தோல் மினுக்கம். நல்ல பசி. க. அக்காவின் அறுவடையில் செ. நிற்பதால் மூன்று நாளாக எலி இல்லை.

விடைத்தாள் 42 திருத்தவேண்டும். கடையில் வாங்க: சவர்க்காரம், மண்ணெண்ணெய்.

07.02, வெள்ளி
பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் பெட்டி வெறுமை. நேற்று வலைமூடிக்கு மேல் கல் வைக்க மறந்துவிட்டேன். தேடித் தேடி, வேலியோர வைக்கோலுக்குள் கண்டேன். நடு வயிறு வீங்கிக் கிடந்தது. நூல் சுற்றிப் பார்த்தேன்: 11 அங்குலம்! தானே தேடித் தின்றுவிட்டதே, கெட்டிக்காரன் என்று பெரிய சந்தோசம்.

சாப்பாடு: எலி (பெரியது).

என்ன தின்றது என்று நான் யோசிக்கவில்லை. பொய். யோசித்தேன். யோசித்துத்தான் எலி என்று எழுதினேன்.

09.02, ஞாயிறு
க. அக்காவின் இளஞ்சேவலைக் காணவில்லை. சும்மா சேவல் இல்லை. மகளின் பிள்ளைப்பேறு நல்லபடி முடியவேண்டுமென்று முனியப்பருக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் துணி கட்டி விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவாவின் சத்தம். "நேர்ந்த சேவலைத் திண்டவன் உருப்படுவானோ? வளவுக்குள்ள வந்து போனவன் செல்லையா ஒருத்தன்தான். அவங்கட புத்தி தெரியும்தானே." என்னைக் கண்டதும் குரல் இறங்கியது. "நீங்கள் சொல்லுங்கோ சேர், வேற ஆர் எடுப்பினம்?"

"நரியாயும் இருக்கலாம்," என்றேன்.

நரியாம். பதினாறு வருடம் கணக்குப் படிப்பித்தவன் கண்டுபிடித்த விடை.

12.02, புதன்
வெயில். தொண்டை கரகரப்பு. வெள்ளிக்கிழமை செ. முனியப்பர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டுமாம். நான்கு பேர் வந்து சொன்னார்கள். தட்டு நான் பிடிக்கவேண்டுமாம். "சேர் நிண்டால்தான் நியாயமாயிருக்கும்."

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்?

முதலாளி அசையவில்லை. வயிறு 8 அங்குலம். செமிக்கிறது. எனக்குத்தான் செமிக்கவில்லை.

14.02, வெள்ளி
காலை ஏழு மணி. இருபது பேர் இருக்கும். செ. குளித்து ஈர வேட்டியோடு வந்தான். தட்டு என் கையில். கற்பூரம் எரிய எரிய உள்ளங்கையை வைத்து அணைத்தான்.

"நான் எடுக்கலீங்க. எடுத்திருந்தா என் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

என்னைப் பார்க்கவில்லை. தட்டின் அடி சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. அதோடு மூடிவிட்டேன்.

பின்னால் நின்ற ஒருவரின் கதை: "சத்தியம் பண்ண இவங்களுக்கென்ன பயம்?" க. அக்கா இனி அவனை வேலைக்குக் கூப்பிடமாட்டாவாம். பிறகு எதற்குச் சத்தியம்?

வெட்கமாயிருக்கிறது. வேறு சொல் தேடிப்பார்த்தேன். இல்லை.

16.02, ஞாயிறு
செ. வந்தான். உரப்பைக்குள் எலி 3. வலக்கையில் துணிக்கட்டு. நான் கேட்காமலே பெட்டியைக் கழுவ எடுத்துப் போனான்.

பாம்பின் எச்சத்துக்குள் ஏதோ கிடந்தது. குச்சியால் கிளறி எடுத்து, இடக்கையால் அலசி, கொடியில் காயப்போட்டான். மஞ்சள் துணி. நிறமும் போகவில்லை, முடிச்சும் அவிழவில்லை.

"செல்லையா..."

"வலைக்கு மேல மறக்காம கல்லு வச்சிருங்க சார். இப்ப வளந்துருச்சு, தூக்கிடும்."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"அன்னிக்குச் சாயந்தரம் இங்க வந்தப்பவே வயித்தப் பாத்தனே."

"அப்ப கோயிலில சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா யாருங்க நம்புவா? நீங்கதான் சொல்லணும்."

உரப்பையை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டான். எலிகளை இன்னும் போடவில்லை.

17.02, திங்கள்
லீவு போட்டேன். துணியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு க. அக்கா வீட்டுக்குப் போனேன். பாம்பு, பெட்டி, வைக்காத கல், எல்லாம் சொன்னேன். துணியை அவாவின் கையில் கொடுத்தேன். ஏச்சு வாங்கத்தான் போனேன்.

அவா சிரித்தா.

"வாயில்லாச் சீவன் சேர், அதுக்கு நேர்ந்ததெண்டு தெரியுமே? நீங்கள் என்ன செய்வியள்! இன்னொண்டு நேர்ந்துவிட்டாச் சரி. இருங்கோ, தேத்தண்ணி கொண்டாறன்."

"செல்லையா பாவம் அக்கா..."

"வேலைக்கு வரச் சொல்லுறன். ஆனா இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. உங்கட மரியாதை என்னாகிறது? அவங்களுக்கும் பிறகு வாய் நீண்டிடும்."

குசினிக்குள் போனவா துணியை அடுப்பில் போட்டது நான் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்தே தெரிந்தது. எனக்கு யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை. திரும்பி வந்து, "என்ன சேர், சரிதானே?" என்று கேட்டா.

தலையாட்டினேன். தேத்தண்ணி நல்ல சாயம், சீனியும் அளவு. முழுவதும் குடித்தேன்.