பேரில்லாத பட்டன்

கும்மிடிப்பூண்டி
12.9.2007

லாத்தாவுக்குத் தம்பி தமீமின் ஸலாம்.

உம்மா நலம். முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. பழவேற்காட்டில் மழை பிடித்துவிட்டதாம். இங்கே சிப்காட்டில் வெறும் புகைதான். கிரேஸ் அக்கா, ஹாஸ்டலில் இதை லாத்தாவுக்கு வாசித்துக் காட்டப் போவது நீங்கள்தான். லாத்தா திட்டுவாளே என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

லாத்தா, ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். "படம், படம், படம்னே சொல்லிக்கினு கீதுடா. பேரு எங்க எழுதுறதுன்னே தெரில" என்று நீ சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

நீ வேலைக்கு அப்ளிகேஷன் போடும் அந்தக் கம்பெனியின் வெப்சைட்டை முதலில் செய்தவன் நான். திரையில் இருப்பதை உனக்கு வாசிக்கும் கம்ப்யூட்டர் குரல் இது பெயர், இது வயது என்று சொல்லும்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் வைத்திருந்தேன். மானிட்டரை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல், ஹெட்ஃபோனோடு கடைசி வரை போய்ப் பார்ப்பேன். தடுக்கிய இடத்தையெல்லாம் மறுபடி எழுதுவேன். நான் வேலை செய்யும் பிரவுசிங் சென்டர் ஓனர் துளசிராமன், "இன்னாடா, கண்ண மூடிக்கினு சினிமா பாக்குறியா? மானிட்டரப் போடுடா, கஸ்டமர் கரண்ட் இல்லன்னு திரும்பிப் போறான்" என்பார்.

கம்பெனி மேனேஜர் வீரராகவன் பார்த்தார். "இன்னாப்பா, ரேஷன் கார்டு மாரி கீது? நம்ம பேரு மின்ன வாணாமா?" என்றார். அவர் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். மெட்ராஸ் ஆட்களிடம் கொடுத்தார். அவர்கள் எழுத்தையெல்லாம் அந்தக் குரலால் வாசிக்க முடியாத படமாக்கி ஒட்டிவிட்டார்கள். பெயர் எழுதும் கட்டத்துக்குக்கூடப் பெயர் இல்லை.

போய்க் கெஞ்சினேன். "கண்ணு தெரியாதவங்க இன்னாத்துக்குப்பா வெப்சைட் பாக்கப் போறாங்க?" என்று கேட்டார். அவர்கள் ஆள் எடுப்பது டெலிஃபோன் ஆப்பரேட்டர் வேலைக்கு! அதைச் சொல்லி, பேப்பரில் எழுதித் தந்தால் வாங்குவீர்களா என்றேன். "பேப்பர்ல வந்தா வாங்க மாட்டோம், கம்ப்யூட்டர்ல வர்றதுதான்" என்று எழுந்து போய்விட்டார். வாட்ச்மேன் வெளியே காட்டினான்.

நானே நிரப்பி அனுப்புகிறேன் என்றதற்குத்தான் நீ ஃபோனை வைத்தாய். "நீ தொட்டா அது என் அப்ளிகேஷன் இல்லடா" என்றாய். சரி, தொடவில்லை. ஆனால் வழி சொல்லலாம் இல்லையா? முதல் கட்டம் பெயர். டேப் கீயைத் தட்டினால் வயது. அப்புறம் படிப்பு, முகவரி, ஃபோன் நம்பர். இந்த வரிசையிலேயே நிரப்பு. கீழே 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். அதுதான் அனுப்பும் பட்டன்.

அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. கோணல் எழுத்துகளைப் படமாகக் காட்டி, பார்த்து எழுதச் சொல்கிறது. எழுதினால்தான் நீ மனுஷி, மெஷின் இல்லை என்று நம்புமாம். திறக்கும்போதெல்லாம் எழுத்து மாறுகிறது. மானிட்டரை அணைத்துவிட்டு எவ்வளவோ முயன்றேன் லாத்தா. என்னால் தாண்ட முடியவில்லை.

கிரேஸ் அக்கா, இதை இரண்டு முறை வாசியுங்கள். லாத்தா, மற்றதெல்லாம் நீயே செய். அந்த எழுத்துகளை மட்டும் அக்காவைப் படித்துச் சொல்லச் சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு அப்ளிகேஷன் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். என்னோடு பேசாவிட்டால் போகிறது, அவரைக் கேள். உன் பெயரை நீயே எழுதும்படி அல்லாஹ் வழிவிடட்டும்.

உன் தம்பி,
தமீம் அன்சாரி