கை நனைக்காத வீடு

21.1.2025, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை வட்டக்கோட்டையில் வைத்து ஜெயகணேஷுக்குப் பெண் பார்க்கிறார்களாம். பெண் நாகர்கோவில். நானும் வர வேண்டும் என்கிறார் இவர். இப்போதெல்லாம் பொது இடத்தில்தான் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லையாம்.

அவமானமா! ஜெயகணேஷின் அம்மா செல்லக்கிளி, என் கொழுந்தன் பெண்டாட்டி, என் மகள் பொன்செல்விக்கு வலிப்பு உண்டு என்று பொய் சொல்லி, கூடி வந்த கல்யாணத்தைக் கலைத்தாளே, அப்போது எங்கே போனது அவமானம்? நாலு வருஷமாக அவள் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போவேன். போகாமல் இருப்பேனா?

24, வெள்ளி

பெண் வீட்டாரிடம் என்ன சொல்லலாம்? குடிக்கிறான் என்றா? அவன் டீகூடக் குடிக்க மாட்டான், சனியன்.

26, ஞாயிறு

கோட்டைச் சுவர் முழுக்கக் கருங்கல். பீரங்கி இழுத்துப்போன சரிவில் ஏறி, குண்டு போடுகிற சந்து வழியாகக் கடலைப் பார்த்தேன். என் எதிரி கடல் வழியாக வரவில்லை, எங்கள் வேனில்தான் வந்தாள்.

மதியம் மரத்தடியில் செல்லக்கிளி சமைத்துக் கொண்டுவந்ததை எல்லோருக்கும் பரிமாறினாள். நான் என் தூக்குவாளியில் இருந்த புளிச்சோற்றைத் திறந்தேன். பெண்ணின் அம்மா பார்த்துவிட்டு, நான் மட்டும் ஏன் தனியாகச் சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். செல்லக்கிளி கரண்டியும் கையுமாக என்னையே பார்த்தாள். கெஞ்சுகிற கண். அவள் சோற்றில் நான் ஒரு வாய் தின்றால் போதும், சம்பந்தம் கூடிவிடும்.

“அவ கையால நான் சாப்பிடுதது இல்ல” என்றேன்.

பெண்ணின் அம்மா பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தாள். நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

29, புதன்

வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒற்றுமை இல்லாத குடும்பத்தில் பெண் கொடுக்க மாட்டார்களாம். ஒரு பொய்கூடச் சொல்லாமல் பழி தீர்த்தேன். நெஞ்சு குளிர்ந்தது.

பொன்செல்வியிடம் சொன்னேன். “ஜெயகணேஷ் என்னம்மா செஞ்சான்?” என்கிறாள். கிறுக்குப் பிள்ளை.

பிப்ரவரி 3, திங்கள்

மத்தியானம் செல்லக்கிளி வந்தாள். சண்டைக்குத்தான் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவளோ தரையில் உட்கார்ந்தாள்.

“நாஞ் சொன்னது பொய்தாங்க்கா. ஒங்க மவளுக்கு நாஞ் செஞ்சத நீங்க எம் மவனுக்குச் செஞ்சிட்டீய. சரியாப் போச்சு. சோறு போடுங்க.”

போட்டேன். ஏன் போட்டேன்? சோறு கேட்டு வந்தவளை என்ன செய்வது? குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் குழம்பு கேட்டு வாங்கினாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பிறகுதான் நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். குழம்பில் உப்பே இல்லை. போட மறந்திருக்கிறேன்.

பாவி, ஒரு வார்த்தை சொல்லவில்லையே.