பல் டாக்டர் நோட்டீஸில் ஒரு யானை

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ ஒரு யானையைக் கிழித்துப் போட்டுவிட்டாய். போனில் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், அதனால் இல்லை என்று சொல்ல முடியாது. நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்றெல்லாம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் கை முதலில் இதைத்தான் எழுதியது. கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே என்று எழுதலாம், அது பொய். கோபம்தான். உன் மேல் மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் கூடம் நான் வேலை பார்க்கும் பைண்டிங் பட்டறை மாதிரியே ஆகிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் மகளும், எதிர்வீட்டு லாரி டிரைவரின் பையன் வாலுவும் புது நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பெரியப்பா அட்டை போட்டுக் குடுங்க என்று உட்கார்ந்துவிட்டார்கள். அச்சுப் பிசகிய வேஸ்ட் ஷீட்டுகளை வழக்கம்போல நான் சுருட்டிக்கொண்டு வந்திருந்தேன், ஏதோ பெயிண்டு விளம்பரம், சிவப்பு ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்தது. முதுகுப் பக்கம் கொஞ்சம் தளர்வு விடு, மடிப்பை நகத்தால் நீவு என்று உனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னேன். அந்தப் பெண் அவள் அம்மாவின் டப்பாவிலிருந்து பொத்தான்களைக் கொண்டுவந்து கணக்கு நோட்டு முழுக்க ஒட்டினாள், நோட்டு தரையில் நேராக உட்கார மாட்டேன் என்றது, நோட்டுக்குச் சட்டை தைச்சிட்டா, இனி அயர்ன் பண்ண வேண்டியதுதான் பாக்கி என்று உன் அம்மா சிரித்தாள். வாலு மட்டும் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெள்ளைப் பக்கத்த வெளிய வைங்க பெரியப்பா, இல்லாட்டி கிளாஸ்ல குப்பைக்கடைன்னு கூப்பிடுவானுங்க என்றான். அப்படியே வைத்து மடித்துக் கொடுத்தேன், அதில் ஒரு பஸ் வரைந்து, சக்கரத்துக்கெல்லாம் கறுப்பு அடித்து, பெயர் எழுதி லேபிளும் ஒட்டிய பிறகு திறந்து பார்த்தால் நோட்டு தலைகீழ், கடைசிப் பக்கம் முதலில் வருகிறது. பயல் அசரவில்லை, பஸ்ஸு ரிவர்ஸ்ல போவுது என்று சொல்லிவிட்டான்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக உன் கதையையும் நான் யோசிக்காமல் எடுத்துவிட்டேன். நம்ம டீச்சர் அக்கா கிளாஸில் ஒரு பிள்ளை, அவள் அம்மா ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவுகிறாள், பல் டாக்டர் நோட்டீஸை நோட்டுக்கு அட்டையாகப் போட்டு வந்தாளாம், அதில் இருந்த பெரிய கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்றையும் காலாக்கி, நாலாவது காலைத் தானே வரைந்து, தும்பிக்கையும் காதும் வைத்து யானையாக்கியிருந்தாளாம் என்றேன். அப்புறம் என்னாச்சு என்றான் வாலு. பிரவுன் ஷீட் போடவில்லை என்று அக்கா அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டாள், கிளாஸே சிரித்ததாம் என்றேன். கிரேயானைக் கீழே வைத்துவிட்டு, ஏன் கிழிச்சாங்க, யானை நல்லா இல்லையா என்று கேட்டான். நான் பசை தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனேன். பசை தீரவில்லை.

அடுப்படியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நீயும் ஒவ்வொரு வருஷமும் வெள்ளைப் பக்கத்தை வெளியே வைக்கச் சொல்வாய். என் பொண்ணுக்குச் சுத்தம் பிடிக்கும் என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மடையன். உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நீ விளம்பரத்தை உள்ளே ஒளித்தாய். அந்தப் பிள்ளை ஒளிக்கவில்லை, அதன் மேலேயே யானை வரைந்துகொண்டு வந்தாள். அதுதான் உனக்குப் பொறுக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம், தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை அம்மா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஒரு கிளாஸில் ஐம்பது பிள்ளைகள், மேலே இருப்பவர் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று ஓடுகிறாய். எல்லாரும் ஒரே அட்டை போட்டால் இருப்பவன் இல்லாதவன் வித்தியாசம் தெரியாது என்று உங்கள் ஹெச்.எம். சொல்கிறாராம். யாருக்குத் தெரியாது? கடையில் பிரவுன் ஷீட் வாங்க முடிந்தவனுக்குத் தெரியாது. முடியாதவள் நாலு நாளாக ஸ்கூலுக்கே வரவில்லை என்று நீதான் சொன்னாய், ரோஷக்காரி என்றும் சொன்னாய். ரூல் அவர் போட்டது, கிழித்தது உன் கை. அந்தக் கைக்கு மூலை மடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் எனக்கு இதில் பேச்சு உண்டு.

அவள் வீட்டுக்குப் போ. பிரவுன் ஷீட் வாங்கிக்கொண்டு போகாதே, அது இன்னொரு அடி. இதோடு இரண்டு வேஸ்ட் ஷீட் வைத்திருக்கிறேன், அவளோடு தரையில் உட்கார்ந்து அட்டை போடு, எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று அவளே சொல்லட்டும். ஹெச்.எம். கேட்டால் நீயே போட்ட அட்டை என்று சொல். பயமாகத்தான் இருக்கும், சொல்.

அவள் வீட்டுக்குப் போவாயா என்று போனில் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை லைன் சரியில்லை என்றாய், அடுத்த முறை அம்மாவின் முழங்காலை விசாரித்தாய். முழங்காலைப் பற்றி மேலே எழுதிவிட்டேன்.

காலுறை போடாமல் வெளியே போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், உன்னைக் கண்டால் பிள்ளைகள் ஓடிவர வேண்டும், வேறு ஆசை எங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா

எந்தத் தேதியில் போகிறாய்? வேறெதுவும் எழுத வேண்டாம், தேதியை மட்டும் எழுது.