ஃபோர்மேனுக்குத் தொட்டி பெரிசாகிவிட்டது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே மூன்று பேரும் நன்றாகவே இருக்கிறோம், உன் அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் அவ்வப்போது வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றாலும் நன்றாக இருக்கிறேன் என்றே பதில் போடு. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. இப்போது நடக்கப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். விஷயம் இதுதான், உன் அண்ணன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டுப் போகிறான். அவன் வேலை செய்கிற டயர் கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டான். என்ன சண்டை என்று கேட்டால் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, குளியலறை விளக்கை அணைக்கவில்லை, செருப்பைக் குறுக்கே விட்டான், வண்டியைக் கதவுக்கு நேரே நிறுத்தினான், இவ்வளவுதான். நீ இருந்தபோதும் இதெல்லாம் இருந்ததுதான், ஆனால் அப்போது திட்டு உனக்குப் பாதி, அவனுக்குப் பாதி, மிச்சம் மீதி எனக்கு என்று பிரிந்து விழுந்தது. நீயும் நடுவில் எதையாவது உளறி எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவாய். இப்போது மொத்தமும் அவன் ஒருத்தன் தலையில், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை எவ்வளவுதான் வாங்கிக்கொள்வான்.

உன் மீன்களைப் பற்றிப் போனில் கேட்கிறபோதெல்லாம் இருக்கிறது இருக்கிறது என்று மழுப்பிக்கொண்டிருந்தேன், அதையும் இன்று சொல்லிவிடுகிறேன். நீ தொட்டி நிறைய விட்டுவிட்டுப் போன ஆப்பிரிக்கச் சிக்லிட்டில் இப்போது மிச்சம் இரண்டுதான். நீ போன புதிதில் அவை ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்த உன் அப்பா, இத்தனை பேரை இவ்வளவு இடத்தில் அடைத்தால் அடிதடி வராமல் என்ன செய்யும் என்று நியாயம் பேசிவிட்டு, பாதிக்கு மேல் வாளியில் அள்ளிக்கொண்டுபோய், மீன் வளர்க்கிற தெருமுனை மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பட்டறையில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் ஒருவனை வேறு ஷிஃப்டுக்கு மாற்றிப் பழகியவர் அல்லவா. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, கொஞ்சம் இடம் கிடைத்தால் எந்த ஜீவனும் அடங்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த நீலமீன், நீ ஃபோர்மேன் என்று பெயர் வைத்தாயே, அது முழுத் தொட்டியையும் தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்டது. (யாரை நினைத்து அந்தப் பெயர் வைத்தாய் என்பது உன் அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பொருத்தமான பெயர் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.) மிச்சம் இருந்தவை ஒவ்வொன்றாக வால் கிழிந்து, நிறம் வெளுத்து, மேலே மிதந்தன.

முட்டிக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனபோது பார்க்கிறேன், நம் மீன்கள் அவர் தொட்டியில் இன்னும் நாற்பது மீன்களோடு நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் மினுமினு என்று இருக்கின்றன. இதென்ன மாயம் என்றேன். அவர் மாத்திரை எண்ணிக்கொண்டே சொன்னார், "இதுங்க கூட்டமா இருந்தாதாம்மா அடி பிரிஞ்சு போகும். குறைச்சீங்கன்னா இருக்கிற ஒண்ணு மேலயே மொத்தமும் விழும்." அப்படியானால் இரண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஒன்றிரண்டாக விட்டால் அதையும் கொன்றுவிடும், விட்டால் ஒரு கூட்டத்தையே விடவேண்டும் என்றார். அதற்கு நான் எங்கே போவேன். கற்களை மாற்றி அடுக்கிப் பாருங்கள், எது யார் இடம் என்று குழம்பிக் கொஞ்ச நாள் சும்மா இருக்கும் என்று ஒரு வழி மட்டும் சொன்னார். முழங்கை வரை தண்ணீரில் விட்டு அத்தனை கல்லையும் இடம் மாற்றினேன். உண்மையாகவே ஃபோர்மேன் தன் பொந்து எது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது.

நான் அடுத்துச் செய்ததைக் கேட்டால் சிரிப்பாய். உன் அப்பாவும் அண்ணனும் வெளியே போன நேரம் பார்த்துக் கூடத்தையே மாற்றிப் போட்டேன். வாசலைப் பார்த்துக் கிடக்கும் உன் அப்பாவின் நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டேன், வாசலைப் பார்த்துக் கிடந்ததால்தானே உன் அண்ணன் உள்ளே நுழையும்போதே செருப்பில் ஆரம்பிக்கிறார். டிவி இருந்த இடத்தில் சாப்பாட்டு மேசை, மேசை இருந்த இடத்தில் டிவி, அண்ணன் பையை மாட்டும் ஸ்டாண்டு மாடிப்படிக்குக் கீழே. இரண்டு பேரும் வந்து கூடத்து நடுவில் கலியாண வீட்டில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். ரிமோட் எங்கே என்று அவர் அவனைக் கேட்க, தெரியலையேப்பா என்று அவன் தேட, அன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், உன் அப்பா அவனுக்குத் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன். மறுநாள் காய் வாங்கிக்கொண்டு வருகிறேன், நாற்காலி பழைய இடத்திலேயே வாசலைப் பார்த்துக் கிடக்கிறது, அண்ணனின் குரல் தெருவுக்குக் கேட்கிறது. ஃபோர்மேனும் அந்த வாரமே பெரிய கல்லைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் போகிற முடிவைச் சொன்னதும் உன் அப்பா, போகிறவன் போகட்டும் என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. உன் அண்ணன் துணி மடித்துக்கொண்டே, "நீயும் வந்துரும்மா, ரூம் சின்னதுதான், சமாளிச்சுக்கலாம்" என்றான். நான் போனால் இவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாது. எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு அசையாமல் கிடந்த மனுஷன். கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். தொட்டியில் மிச்சம் இருக்கிற அந்த மஞ்சள்மீன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. ஃபோர்மேனுக்கு ஒரு மூலையில் தீனி போட்டுவிட்டு, அது தின்று முடிப்பதற்குள் இந்த மூலையில் இதற்கு நாலு உருண்டை போடுகிறேன். நேற்று அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துபோனது. எனக்குப் பயமாக இருக்கிறது சின்னவனே, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை, வரவும் வேண்டாம். ஒன்றே ஒன்று செய். நீ போன் பண்ணினால் அப்பா பக்கத்தில் வந்ததும் சரிம்மா வைக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், இனி அப்படிச் செய்யாதே. அவரைக் கூப்பிட்டுப் பேசு. முடி வெட்டவில்லை, புது ஷூவைத் தொலைத்துவிட்டேன், சாப்பாட்டைக் கொட்டினேன், ஏதாவது ஒன்றைச் சொல். அவர் திட்டட்டும், நீயும் விடாமல் எதிர்த்துப் பேசு, முடிந்தால் தினமும் பேசு. நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு அவ்வளவாக வலிக்காது, இங்கே எனக்குக் கொஞ்சம் குறையும்.

உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிளம்பிப் போனதும் கூப்பிட மறந்துவிடாதே. நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா