சுண்ணாம்புக்கு அலைந்த முதல் ஆட்டம்

கூட்டாளி,

இன்று காலை என் மகன் புது ஜெர்சியை பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினான். புதுத்துணி வாசனை கூடம் முழுக்க அடித்தது. ஐம்பதைத் தாண்டியவன், ஆயர் குரோ தொழிற்சாலையில் ஒரு பட்டாளத்தையே வைத்து வேலை வாங்குகிறவன், அதைத் தொப்பைக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றான். "இந்த சீசன் கோப்பை நமக்குத்தாம்மா, பாத்துக்கிட்டே இருங்க" என்றான். போன வருஷமும் இதையேதான் சொன்னான். மாநிலக் கால்பந்து அணி போன வருஷம் வாங்கிய அடி ஊருக்கே தெரியும். ஆனாலும் முதல் ஆட்டத்தன்று இவனைப் போன்றவர்களுக்கு முகத்தில் தனிக் களை வந்துவிடுகிறது. அந்தக் களையை நான் முதன்முதலில் பார்த்தது உன் முகத்தில்தான். அதனால்தான் சமையலைப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

காஜா பேராங்கில் நாம் அடுத்தடுத்த பலகை வீடுகளில் இருந்தோம். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். பின்பக்கம் இருந்த ஒரே குழாயில்தான் இருவரும் தண்ணீர் பிடித்தோம், துணி துவைத்தோம், ஊர்க்கதை அத்தனையும் பேசினோம். மற்ற பெண்கள் மீன் விலையைப் பேசினால் நீ சென்டர் ஃபார்வர்டின் இடது காலைப் பற்றிப் பேசுவாய். கல்யாணமாகி வந்த புதிதில், பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீ விடுவாயா? துவைக்கிற கல்லில் சோப்புக் கட்டியையும் சீப்பையும் தேங்காய் நாரையும் வைத்து ஆஃப்சைடு என்றால் என்னவென்று விளக்கினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். பொம்பளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "கத்துற வேல" என்று சொன்னாய்.

உனக்கு அப்பா அம்மா இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் அவர்கள் இறந்துபோன பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள் நீ. பெண்டஹாரா சாலை துணிக்கடைக்குத் தைத்துக் கொடுத்து அவனை ஆளாக்கினாய். அவன் நம் கிளப்பின் கோல்கீப்பர், கேப்டனும் அவன்தான். என் வீட்டுக்காரர் அதற்குச் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துத்தான் கழுத்தை நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ஆட்டக்காரர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதுதான் அந்தப் பதவி என்று பிறகுதான் தெரிந்தது.

நான் சொல்ல வந்த ஆட்டத்துக்கு முந்தின சீசன் நமக்குப் படுமோசம். நாலைந்து பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், சிலர் வேலை மாறி வெளியூர் போனார்கள். ஆள் சேராமல் இரண்டு ஆட்டங்களுக்கு நாம் திடலுக்கே போகவில்லை. போகாமலே தோற்றோம். புது சீசன் தொடங்கும் முன்பு என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இன்னொரு தடவ டீம் எறங்கலன்னா லீக்லேருந்து பேர வெட்டிருவாங்களாம். எளுதியே கொடுத்துட்டாங்க."

மறுநாள் குழாயடியில் இதை உன்னிடம் சொன்னேன். நீ பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாய். "கிளப்பு போச்சுன்னா தம்பி சிங்கப்பூர் போயிருவான்லா. அங்க ஒரு டீம்ல வேலையும் போட்டுத் தரேன்னு கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. இந்தப் பசங்கள விட்டுட்டுப் போவ மாட்டேன்னுதான் நிக்கிறான். அப்புறம் நான் யாரு பேரச் சொல்லிக் கத்துறது?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அன்று நீ ஒரே சேலையை மூன்று தரம் அலசினாய்.

பிறகு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! கடையில் வெள்ளைத் துணி வாங்கி எல்லாருக்கும் புது ஜெர்சி தைத்தாய். பழைய ஜெர்சிகளில் தரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, ஒன்று விடாமல் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டாய். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் வைப்பது நம் வழக்கம். நீ ஓரத்தோடு விடுகிற ஆளா? மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், முதல் ஆட்டத்துக்குப் பிள்ளைகள் மஞ்சள் உடுத்தித்தான் இறங்க வேண்டும் என்றாய். நான் மஞ்சள் இடித்துக் கொடுத்தேன். அண்டாவில் கரைத்து அத்தனை ஜெர்சியையும் முக்கி எடுத்தோம். கொடியில் அவை வரிசையாகக் காய்ந்ததைப் பார்த்த எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரக் கேட்டுச் சாயம் போட்டீங்க?"

"அம்மனக் கேட்டேண்ணே" என்றாய். 

ஆட்டம் பண்டார் ஹிலிர் திடலில். சுதந்திரம் எந்த நாளில் என்று நமக்கெல்லாம் அறிவித்தார்களே, அதே புல். அன்று நம் பையன்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், ஒருவர் குறையவில்லை. என் வீட்டுக்காரர் எண்ணி முடித்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார். தீச்சட்டி எடுக்கப் போகிறவர்களைப் போல மஞ்சளாக நின்றார்கள். உன் தம்பி மட்டும் கோல்கீப்பருக்குரிய பச்சைச் சட்டையில் இருந்தான். நீ இடுப்பில் கை வைத்து, படைத்தவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போது நம்மை எதிர்த்து ஆட வந்த துறைமுகத்துக்காரர்களின் அணி திடலில் இறங்கியது. போன வருஷம் வரை நீலம் போட்டவர்கள். அன்று கழுத்து முதல் இடுப்பு வரை பளபளவென்று புது மஞ்சள்.

ரெஃப்ரி ஒரு செரானிக்காரர், போர்த்துகீசிய வம்சம், கறாரான ஆள். இரண்டு அணியையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமா வார்னா, தா போலே!" என்று கையை விரித்தார். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் ஆட முடியாதாம். துறைமுகத்துக்காரர்களிடம் மாற்று ஜெர்சி இல்லை. நம்மிடம் இருந்ததைத்தான் நீ கரித்துணி ஆக்கிவிட்டாயே. பனியனோடு ஆடட்டும் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். பாதிப் பேர் உள்ளே பனியனே போடவில்லை. கால் மணி நேரம் தருகிறேன், அதற்குள் நிறம் மாறாவிட்டால் நீங்கள் ஆட்டத்துக்கு வராத கணக்குதான் என்று சொல்லிவிட்டார் ரெஃப்ரி.

உன் முகத்தில் இருந்த களை அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். பக்கத்தில் யாரோ, "வேண்டுதலாம் வேண்டுதல், கிளப்புக்கே கொள்ளி வச்சிட்டாளுங்க" என்றார். எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. உன் தம்பி நம் இருவரையும் பார்த்துவிட்டு, குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

நமக்கு முன்னால் செட்டிக் கம்போங்கிலிருந்து வந்த அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் நம் அணியில் வலது ஓரம் ஆடுகிறவன். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்த தமிழர் வழி என்றாலும் தமிழ் வராது, அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய்தான். மகனுக்கு ஆட்டம் இல்லையென்றதும் மனசு கேட்காமல் பித்தளை வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, இலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். நீ அந்த விரலையே பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"ஆலாத்தி!" என்றாய்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆலாத்தி கரைக்காத கை நம்மில் எது? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவந்துவிடும். நீ அந்த அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, பெட்டியில் இருந்த சுண்ணாம்புக் கிண்ணத்தைக் காட்டிக் கை நீட்டினாய். இந்தப் பெண்ணுக்கு இந்த நேரத்தில் வெற்றிலை ஆசையா என்று அவர் நினைத்திருப்பார். ஆனாலும், "மாவ் காப்பூர்? அம்பெக்லா, அம்பெக் செமுவா!" என்று கிண்ணத்தையே தூக்கிக் கொடுத்தார்.

ஒரு கிண்ணம் எந்த மூலைக்கு? நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினேன். வாயில் சிவப்புத் தெரிந்த ஒருவரையும் விடவில்லை. சுண்ணாம்பு, காப்பூர், எந்தப் பாஷையில் வந்ததோ அதில் கேட்டேன். துறைமுகத்துக்காரர்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "எங்கள தோக்கடிக்க எங்ககிட்டயே சுண்ணாம்பா?" என்று வாய்விட்டுச் சிரித்து, டப்பாவைத் திறந்து மொத்தத்தையும் என் கையில் வழித்து வைத்தார்.

இடைவேளைக்கு என்று வைத்திருந்த தண்ணீர் வாளியில் எல்லாவற்றையும் கரைத்தோம். முதல் ஜெர்சியை நீ முக்கினாய். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உன் கையைச் சுற்றிச் சிவப்பு பூத்து, தோள், மார்பு, கை எல்லாம் சிவந்துகொண்டே போனது. சுற்றி நின்ற கூட்டம் போட்ட சத்தத்தில் ரெஃப்ரியே ஓடி வந்தார். பிழிந்து பிழிந்து கொடுத்தோம், ஈரத்தோடு மாட்டினார்கள். ரெஃப்ரி வாளிக்குள் எட்டிப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார்.

ஆட்டம் தொடங்கியதும் அரிப்பும் தொடங்கியது. சுண்ணாம்புத் தண்ணீர் அல்லவா? நம் பையன்கள் ஒரு கையால் சொறிந்துகொண்டே ஓடினார்கள். நாம் எதிர்பாராதது இன்னொன்றும் நடந்தது. வேர்க்க வேர்க்கச் சிவப்பு வெளுத்து, அக்குளிலும் முதுகிலும் பழைய மஞ்சள் எட்டிப் பார்த்தது. நீ வாளியைத் தூக்கிக்கொண்டு கோட்டோரமாகவே ஓடினாய். பந்து வெளியே போகும்போதெல்லாம் பக்கத்தில் அகப்பட்டவன் மேல் ஒரு கை அள்ளி வீசினாய். துறைமுகத்து ஆட்டக்காரன் ஒருவன் மீதும் பட்டு, அவன் தோளில் பாதி நனைந்துவிட்டது. அவன் உன்னை முறைத்தான். நீ, "சாரிலா, சாரிலா" என்று அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டாய்.

அன்று நாம் ஒரு கோலில் தோற்றோம். கடைசிச் சில நிமிஷங்களில்தான் அது விழுந்தது. செட்டி வீட்டுப் பையன் அடித்த பந்து ஒன்று அதற்கு முன்பு கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீயோ என்னைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறாய்.

"பைத்தியமா உனக்கு? தோத்துட்டோம்டி!" என்றேன்.

"ஆடித் தோத்தோம்லா!" என்றாய். "போன வருஷம் வூட்டுல குந்திக்கிட்டே தோத்தோம். இன்னைக்கு ஆடித் தோத்தோம். அடுத்த ஞாயித்துக்கெழம யாரோட, அதப் பாரு."

உன் தம்பி வந்து வாளியில் மீதியிருந்த தண்ணீரை உன் தலையில் கவிழ்த்தான். உன் சேலை என்னவோ அப்படியேதான் இருந்தது. உன் நெற்றி மஞ்சள் மட்டும் கோடு கோடாகச் சிவந்து வழிந்தது. சிங்கப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது. அந்த சீசனில் நாம் கோப்பை எதுவும் வாங்கவில்லை. நடுவில் எங்கோ நின்றோம். அதற்குப் பிறகு நெடுங்காலம் கிளப் இருந்தது, உன் தம்பி ஆடி முடிக்கும் வரை. பின்னால் ஆள்கள் பிரிந்து, கிளப்பும் மெல்ல இல்லாமல் போனபோது, நாம் மாநில அணிக்குக் கத்த ஆரம்பித்தோம். யாருக்காவது கத்தியே ஆக வேண்டுமே.

கடைசியாக உன்னைப் பார்க்க செமாபோக்கில் உன் தம்பி வீட்டுக்கு வந்திருந்தேன். படுத்த படுக்கையாக இருந்தாய், கஞ்சிகூட இறங்கவில்லை. சீசன் தொடங்க இன்னும் நாளிருந்தது. "மொத ஆட்டம் யாரோட?" என்று கேட்டாய். சொன்னேன். "செயிச்சிருவோம்" என்றாய்.

"நம்ம பக்கம் யாரு ஆடுறாங்கன்னாச்சும் தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சா எப்புடிலா நம்புறது?" என்றாய்.

நான் சிரித்த சிரிப்பில் உன் தம்பி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தான். அந்த முதல் ஆட்டத்துக்கு நீ இல்லை. நான் போனேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்களோ என்றுகூட யோசிக்கவில்லை. வீட்டில் அழுதால் ஒருத்திக்காக அழுகிற மாதிரி இருந்தது. அங்கே கத்தினால் நீயும் கூட இருக்கிற மாதிரி இருந்தது.

இப்போதும் ஒன்றும் குறையவில்லை எனக்கு. மகன் கூட்டிப் போகிறான், முட்டி கொஞ்சம் வலிக்கிறது, மற்றபடி சுகம்தான். டாக்டர் மட்டும் பிரஷரைக் காட்டி, கத்தக் கூடாது என்கிறார். போன சீசன் ஆட்டம் ஒன்றில் மகனும் என் தோளைப் பிடித்து, "அம்மா, போதும்மா, இந்த வயசுல இவ்ளோ சத்தமா?" என்றான்.

"இதுல பாதிதான்டா என்னோடது" என்றேன்.